தாடைக்குள் போகும் குறுணல்

பல் வைத்தியரின் தட்டில் வைக்கப்படும் அந்தக் கண்ணாடிக் குப்பி கட்டைவிரல் அளவுதான். உள்ளே அரை கிராம் வெள்ளைக் குறுணல். பார்வைக்கு நொய்யரிசி மாதிரி இருக்கும். வைத்தியர் அதைச் சின்னக் கிண்ணத்தில் கொட்டி, நோயாளியின் இரத்தத்திலோ உப்புக் கரைசலிலோ நனைத்து, பல் இருந்த குழிக்குள் மெல்ல அடைப்பார். மேலே ஒரு சவ்வை விரித்து, முரசைத் தைத்து மூடிவிடுவார். அதன்பிறகு அந்தக் குறுணலை ஒருவரும் கண்ணால் காணப்போவதில்லை. நான்கு மாதத்திலோ ஆறு மாதத்திலோ அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருக்க வேண்டும். அந்த எலும்பில் டைட்டேனியம் திருகாணி இறங்க வேண்டும். அதன்மேல் ஒரு பல் நின்று சோறு மெல்ல வேண்டும். இத்தனைக்கும் முன்னால், குப்பியில் இருப்பது என்ன, இருக்கக்கூடாதது ஏதும் அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் தொழில்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தேன். பிறகு கொழும்பில் பல வருடங்கள் மருத்துவப் பொருட்களைச் சோதிக்கும் வேலை. இடையில் திருவனந்தபுரம் பூஜப்புரையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவில் பயிற்சி. ஹைட்ரொக்ஸிஅபடைட்டையும் உயிர்க்கண்ணாடியையும் சேர்த்துப் பல் வைத்தியத்துக்கான எலும்புக் கிராஃப்டைச் சொந்தமாக உருவாக்கியவர்கள் அவர்கள். ஒரு பொருளை உருவாக்கும் கூட்டமும் அதைச் சோதிக்கும் கூட்டமும் ஒரே வளவுக்குள் இருந்தாலும் ஒருவர் மேசைக்கு மற்றவர் போகாமல் வேலை செய்வதை அங்கேதான் கண்டேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கல்லடிப் பக்கம், மட்டக்களப்பு வாவியைப் பார்த்த ஓர் அறை. தராசு, அரிதட்டு அடுக்கு, மஃபிள் உலை, பி.எச். மானி, நுணுக்குக்காட்டி, நீர் சுத்திகரிக்கும் கருவி ஆகியவை என்னிடம் இருக்கின்றன. இவற்றால் முடிந்ததை இங்கே செய்கிறேன். எக்ஸ்ரே, கலவளர்ப்பு, உலோக அளவீடு எல்லாம் கொழும்புக்கோ பேராதனைக்கோ இரவு பஸ்ஸில் போகும்.

எங்கள் பக்கத்தில் பல் போவது வயதானவர்களுக்கு மட்டும் வருகிற காரியம் இல்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வெற்றிலை வட்டா இல்லாத வீடு குறைவு. வாய்ப் புற்றுநோயைப் பற்றி இப்போது எல்லாரும் கதைக்கிறோம், நல்லது. முரசு நோயில் பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பு கரைந்துபோவதைப் பற்றிக் கதைப்பது குறைவு. ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டு, "பிறகு பாப்பம்" என்று போகிறவர்கள் இரண்டு மூன்று வருடம் கழித்து இம்பிளான்ட் கேட்டு வருவார்கள். கடைவாய்ப் பல் பிடுங்கிய இடத்தில் எலும்பின் அகலம் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்றும், அந்தத் தேய்வில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது என்றும் டென்மார்க் ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள திருகாணிக்கு இரு பக்கமும் குறைந்தது ஒவ்வொரு மில்லிமீற்றர் எலும்பு வேண்டும். மேல்தாடையின் பின்பக்கத்தில் கன்னத்துக் காற்றறை வேறு கீழே இறங்கி வந்துவிடும். எலும்பு இல்லாத இடத்தில் திருகாணி நிற்காது. ஆகவே குறுணல்.

நோயாளியின் சொந்த எலும்பைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் அதை நாடியிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுக்க வேண்டும். இன்னொரு காயம், இன்னொரு வலி. அதனால்தான் இறந்தவர்கள் தானம் செய்த எலும்பு, மாட்டெலும்பு, பன்றி எலும்பு, பவளம், ஆய்வுகூடத்தில் செய்த கல்சியம் பொஸ்பேட் என்று பல வழிகளைத் தேடினார்கள். மனித எலும்பைப் பொறுத்தவரை இலங்கை பெருமைப்படலாம். 1961இல் கண்தான சங்கத்தைத் தொடங்கிய வைத்தியர் ஹட்சன் சில்வாதான் கொழும்பில் மனித இழைய வங்கியையும் 1996இல் எழுப்பினார். சர்வதேச அணுசக்தி முகவரகம் அதற்குக் கைகொடுத்தது. தானமாக வந்த எலும்பைக் கழுவி, கொழுப்பு நீக்கி, உலர்த்தி, காமாக் கதிரால் கிருமி நீக்கிக் கொடுத்தார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் இழைய வங்கியும் அதே பாதையில் வந்ததுதான். இந்தியப் பல் வைத்தியர்கள் பலர் அங்கிருந்துதான் எலும்புத் தூள் எடுத்தார்கள். எலும்பிலிருந்து சுண்ணச் சத்தை அமிலத்தால் எடுத்துவிட்டு எஞ்சிய புரதத்தைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு முளைக்கிறது என்று மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் எழுதியதுதான் இந்த வகைக் கிராஃப்டுக்கெல்லாம் அடித்தளம். சுவீடனில் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு டைட்டேனியம் வேர் வைத்ததும் அதே 1965இல்தான்.

குப்பி என் கைக்கு வந்ததும் முதல் வேலை, திறக்காமல் பார்ப்பது. முத்திரை, பேட்ச் இலக்கம், காலாவதித் திகதி, எந்த முறையில் கிருமி நீக்கியது, எங்கே செய்தது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, யாரோ வெளிநாட்டிலிருந்து வரும்போது பயணப்பெட்டியில் கொண்டுவந்த குப்பிகளையும் பார்த்தேன். ஒன்றில் சீட்டு பாதி அழிந்திருந்தது. கொண்டுவந்தவர், "நல்ல கொம்பனிச் சாமான் மிஸ்" என்றார். இருக்கலாம். ஆனால் அது எந்தத் தொகுதி, எத்தனை நாள் எந்தச் சூட்டில் கிடந்தது என்று அறிய வழியில்லாத பொருளுக்கு என்னால் அறிக்கை எழுத முடியாது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் இப்படியான சாதனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இருந்தாலும் நாங்கள் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. பதிவு என்பது கோப்பைப் பார்த்துக் கொடுக்கும் அனுமதி. உங்கள் கையில் இருக்கும் தொகுதியை யாரோ திறந்து பார்த்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரம் நாட்டை உலுக்கியபோது இதைப் பாமர மக்களும் விளங்கிக்கொண்டார்கள்.

பிறகு அரிதட்டு. பெட்டியில் 0.25 முதல் 1 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தால், அந்த இரண்டு அளவுக்கும் உரிய தட்டுகளை அடுக்கி, மேலே குறுணலைக் கொட்டி அசைப்பேன். அடித்தட்டில் விழுவதைக் கறுப்புக் கடதாசியில் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பொருளில் ஒரு சிட்டிகைகூட இராது. சிலதில் மா மாதிரித் தூள் படியும். வழியில் குலுங்கி உடைந்ததாக இருக்கலாம், சூளையில் சரியாக வேகாததாகவும் இருக்கலாம். அந்தத் தூள் சும்மா கிடக்காது. உடம்பின் காவல் கலங்கள் அதை விழுங்கப் பார்க்கும், இடம் வீங்கும், எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார்த்தசை வளரும். குறுணல் அளவுக்கு மேல் பெரிதாக இருந்தாலும் சங்கடம்தான், குழி நிரம்பாது. குறுணலுக்குள் இருக்கும் துளைகளையும் பார்ப்பேன். 100 மைக்ரோனுக்குக் குறைந்த துளைக்குள் எலும்பு நுழையத் தயங்கும். இரத்தக் குழாய் போய்ச் சேர 300 மைக்ரோன் அளவு இருந்தால் நல்லது.

வாவியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு வாவிதான் முதல் ஆய்வுகூடம். படுவான்கரையில் பிறந்த ஒரு மாணவி சிப்பி ஓடு சேர்த்துக்கொண்டு வந்தாள். "மிஸ், இதில எலும்புத் தூள் செய்யலாம்தானே?" என்று கேட்டாள். செய்யலாம். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். பவளத்தின் கல்சியம் காபனேட்டை அழுத்தச் சூட்டில் ஹைட்ரொக்ஸிஅபடைட்டாக மாற்றலாம் என்று அமெரிக்காவில் டெலா ரோய் 1974இலேயே காட்டினார். அதிலிருந்து விற்பனைக்கு வந்த கிராஃப்டும் உண்டு. அதற்கும் வெகு காலத்துக்கு முன், ஏறக்குறைய கி.பி. 600இல், மாயா மக்கள் ஒருவரின் கீழ்த்தாடையில் பல் இருந்த குழிகளில் சிப்பித் துண்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தாடை 1931இல் ஹொண்டுராசில் கிடைத்தது. சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பதை 1970இல் எக்ஸ்ரேயில் கண்டார்கள், ஆகவே உயிரோடு இருந்தபோதே வைத்தது அது. பவளத்தைப் பாசிக்குடா, கல்குடா பக்கம் போய் உடைத்தெடுக்கும் எண்ணம் மட்டும் ஒருவருக்கும் வரக்கூடாது. சுண்ணாம்புக்காக உடைத்தே எங்கள் கரை வேண்டியதை இழந்துவிட்டது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சிப்பி ஓடு போதும்.

அந்தப் பிள்ளை முறையாகத்தான் செய்தாள். ஓட்டைக் கழுவி, அரைத்து, 900 பாகை உலையில் வைத்துச் சுட்ட சுண்ணாம்பாக்கினாள். தண்ணீர் விட்டு நீற்றி, பொஸ்போரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினாள். வந்த வெள்ளைப் படிவை உலர்த்தித் திரும்பவும் சுட்டாள். அழகான வெள்ளைக் குறுணல். நான் அதில் கொஞ்சம் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் போட்டு, 37 பாகைச் சூட்டில் ஒரு நாள் வைத்தேன். மறுநாள் அந்த நீரில், காரம் பட்டால் நிறம் மாறும் பினோப்தலீன் ஒரு துளி விட்டதும் கண்ணாடிக் குவளை முழுக்க ரோசாப்பூ நிறம். பி.எச். மானி 11ஐத் தாண்டி நின்றது.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஹைட்ரொக்ஸிஅபடைட்டில் மூன்று பொஸ்பரஸ் அணுவுக்கு ஐந்து கல்சியம் அணு இருக்க வேண்டும், அதாவது 1.67 என்ற விகிதம். கல்சியம் கொஞ்சம் குறைந்தால் பீட்டா ட்ரைகல்சியம் பொஸ்பேட் உண்டாகும். அது சீக்கிரம் கரையும், ஆனால் கெடுதல் இல்லை. கல்சியம் கொஞ்சம் கூடினால், கூடினது முழுக்கச் சுட்ட சுண்ணாம்பாகவே குறுணலுக்குள் தங்கிவிடும். ஈரம் பட்டதும் அது நீறும், சுடும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துபோகும் என்று எங்கள் அம்மம்மாமாருக்குத் தெரியும். அந்தச் சுண்ணாம்பை முரசுக்குள் வைத்துத் தைத்து மூடுவதை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டு குறுணலும் ஒரே வெள்ளை. அவள் அமிலத்தின் அளவைத் திருத்தித் திரும்பவும் செய்தாள், இந்த முறை நீர் நிறம் மாறவில்லை. ஒரு ரூபாய்க்கும் பெறுமதியில்லாத அந்தத் துளியை எந்தப் பெரிய கருவிக்கு முன்னாலும் நான் வைப்பேன்.

கண்டதை உறுதிப்படுத்த எக்ஸ்.ஆர்.டி. வேண்டும். தூளின்மேல் எக்ஸ்ரே பட்டுத் தெறிக்கும் கோணங்களை வைத்து உள்ளே எந்தப் படிகம் இருக்கிறது என்று சொல்லும் கருவி அது. ஹைட்ரொக்ஸிஅபடைட் என்றால் 31.8, 32.2, 32.9 பாகையில் மூன்று சிகரம் கூடி நிற்கும். 31 பாகையில் ஒன்று தலைநீட்டினால் பீட்டா ட்ரைகல்சியம் பொஸ்பேட். 37.4 அருகே ஒரு சிறு மேடு தெரிந்தால் சுண்ணாம்பு. சூளையில் நன்றாகச் சுட்ட பொருளின் சிகரங்கள் ஊசி மாதிரிக் கூர்மையாக இருக்கும். குறைந்த சூட்டில் பதப்படுத்திய எலும்பில் அவை அகன்று ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், ஏனென்றால் இயற்கை எலும்பின் படிகம் மிகச் சிறியது. இது குறை இல்லை. வியாபாரிகள் சிலர் கூர்மையான சிகரத்தைக் காட்டி, "எங்களுடையது சுத்தம் கூடியது" என்கிறார்கள். சுத்தம் கூடியதாக இருக்கலாம், ஆனால் நன்றாகச் சுட்ட பொருள் உடம்பில் கரைய வெகு காலம் எடுக்கும். பல வருடம் கழித்தும் குறுணலாகவே கிடக்கும். எது வேண்டும் என்பது வைத்தியர் அந்தக் குழியைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

உலோகங்களுக்கு வரம்பு உண்டு. ஒரு கிலோகிராம் பொருளில் ஆர்செனிக் 3 மில்லிகிராம், கட்மியம் 5, இரசம் 5, ஈயம் 30. பார உலோகம் எல்லாம் சேர்ந்து 50ஐத் தாண்டக்கூடாது. வாவிச் சிப்பியையோ மீன் முள்ளையோ வைத்து வேலை செய்கிற எவருக்கும் இந்த வரியைத்தான் முதலில் காட்டுகிறேன். வாவிக்குள் நகரத்துக் கழிவு வருகிறது, வயல் மருந்து கரைந்து வருகிறது, படகு இயந்திரத்து எண்ணெய் வருகிறது. சிப்பி எந்த நீரில் வளர்ந்ததோ அந்த நீரைத் தன் ஓட்டில் எழுதி வைத்திருக்கும். முகத்துவாரத்துப் பக்கம் எடுத்த ஓடு தேறியது என்பதற்காக நகரத்து வடிகால் ஓரம் எடுத்த ஓடும் தேறும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கிருமி நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது என்டோடொக்ஸின் சோதனையைப் பற்றி. பக்டீரியா செத்துப்போனாலும் அதன் மேற்தோலின் நஞ்சு சாகாது. அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவ் அதை ஒன்றும் செய்யாது. கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதை விரட்ட 250 பாகை உலையில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். குறுணலில் அது இருந்தால் காய்ச்சலும் வீக்கமும் வரும், எலும்பு வளராது. இதைக் கண்டுபிடிக்கக் குதிரைலாட நண்டின் நீல இரத்தத்தைப் பயன்படுத்துகிறோம். நஞ்சு ஒரு துணுக்கு இருந்தாலும் அந்த இரத்தத்தின் கலச்சாறு உறைந்துவிடும். 1956இல் பிரடெரிக் பாங் கண்டது இது. இப்போது நண்டைத் தொடாமல் ஆய்வுகூடத்தில் ஆக்கிய புரதமும் வந்துவிட்டது, அது பரவ வேண்டும் என்பது என் ஆசை. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கல்சியம் பொஸ்பேட்டே என்டோடொக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குறுணலைக் கழுவிய நீரைச் சோதித்தால் "இல்லை" என்று வரும், நஞ்சோ குறுணலோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும். அதனால் தெரிந்த அளவு நஞ்சை நாங்களே கலந்துவிட்டு, அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக்குக் குறைவாகவோ இரட்டிப்புக்கு மேலாகவோ கிடைத்தால் அந்தச் சோதனை செல்லாது. அறிக்கையில் இந்த மீட்பு அளவு இல்லாமல் "என்டோடொக்ஸின் இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அதை நம்புவதில்லை.

கலவளர்ப்புச் சோதனை விதிமுறையில் இருப்பதுதான். ஐ.எஸ்.ஓ. 10993இன் 5ஆம் பாகம். குறுணலை ஊறவைத்த சாற்றில் எல்-929 என்ற எலிக் கலங்களை ஒரு நாள் வளர்த்து, 70 சதவீதத்துக்குக் குறைவாக உயிரோடு இருந்தால் நச்சு என்று எழுத வேண்டும். சில குறுணல் வளர்ப்பு நீரில் உள்ள கல்சியத்தையே இழுத்துக் குடித்துவிடும். கலங்கள் பட்டினியில் வாடும், பொருள் நச்சு என்று தவறாகத் தெரியும். இதைப் பிரித்தறிய அனுபவம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது இந்தச் சோதனைகள் நின்றுபோயின. 37 பாகையும் 5 சதவீதக் காபனீரொட்சைட்டும் நில்லாவிட்டால் கலம் நில்லாது. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. காத்திருந்த நோயாளிகளுக்கு வைத்தியர்கள் திகதி தள்ளிக் கொடுத்தார்கள்.

என் வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி கருவிகளைப் பற்றியது இல்லை. காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா தன் வைத்தியரோடு பேசிவிட்டு, முகவரி விசாரித்துக்கொண்டு என்னிடமே வந்தார். குப்பியின் படத்தைத் தொலைபேசியில் காட்டி, "தங்கச்சி, இதில பண்டிட ஒண்டும் இல்லதானே?" என்றார். அதே மாதத்தில், வைகாசிச் சடங்குக்கு விரதம் பிடித்துக் கண்ணகி அம்மன் கோயிலில் தொண்டு செய்யும் ஓர் ஐயா, தனக்கு வைத்தது மாட்டெலும்பு என்று வேலை முடிந்த பிறகு அறிந்து மனம் உடைந்து போயிருந்தார். இரண்டு பேருக்கும் நேர்மையான பதில் வேண்டும். உலகில் அதிகம் பாவிக்கப்படும் குறுணல்களில் ஒன்றான சுவிட்சர்லாந்தின் பயோ-ஓஸ் மாட்டெலும்பு. அதோடு சேர்த்து விரிக்கும் பயோ-கைட் சவ்வு பன்றியின் கொலாஜன். இது ஒளிவுமறைவான செய்தி இல்லை, தயாரிப்பாளரே சொல்வது. ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில், நோயாளியின் முன்னால், பல நேரம் சொல்லப்படுவதில்லை.

ஆய்வுகூடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். குறுணலில் புரதம் கொஞ்சம் எஞ்சியிருந்தால், கொலாஜன் துணுக்குகளை நிறுத்துப் பார்த்தோ மரபணுவைப் பெருக்கிப் பார்த்தோ எந்த விலங்கு என்று சொல்லலாம். 600, 700 பாகைக்கு மேல் சுட்ட எலும்பில் புரதமும் இல்லை, மரபணுவும் இல்லை. மாடு, பன்றி, மீன், மனிதன் எல்லாம் கடைசியில் ஒரே கல்சியம் பொஸ்பேட். அந்த இடத்தில் காகிதம் மட்டும்தான் சாட்சி: எந்த நாட்டு விலங்கு, எந்த மந்தை, யார் பொறுப்பு என்று தயாரிப்பாளர் கொடுக்கும் சான்று. பிரிட்டனில் 1986இல் பைத்திய மாட்டு நோய் வெளிப்பட்ட பிறகு இந்தச் சான்று உயிர் காக்கும் ஆவணமாகவும் ஆகிவிட்டது. நெதர்லாந்து சத்திரசிகிச்சையாளர் யோப் வான் மீக்கெரன் 1668இல் பதிவு செய்த கதை ஒன்று உண்டு. ஒரு ரஷ்யப் போர்வீரனின் உடைந்த மண்டையோட்டில் நாயின் எலும்பை வைத்தார்கள். தேவாலயம் அவனை விலக்கிவைத்தது. எடுத்துவிடுங்கள் என்று அவன் திரும்பி வந்தபோது எலும்பு நன்றாக ஒட்டிப்போயிருந்தது, எடுக்க முடியவில்லை. மதம் அனுமதிக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது நோயாளியும் அவர் கேட்டறியும் பெரியவர்களும். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பை வெட்டுவதற்கு முன்பே அவருக்குக் கொடுப்பது வைத்தியரின் கடமை. அந்த ராத்தாவுக்கு ஆய்வுகூடத்தில் ஆக்கிய கல்சியம் பொஸ்பேட் குறுணலும், மேலே விரிக்க விலங்குப் பொருள் கலக்காத சவ்வும் கிடைத்தன. இரண்டும் நன்றாகவே வேலை செய்தன.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். திறந்த குப்பியில் மிஞ்சியதை ஓட்டோகிளேவில் வைத்து அடுத்தவருக்குப் பாவிக்கலாமா என்று ஒரு கிளினிக்கில் கேட்டார்கள். விலையை நினைத்தால் அந்தக் கேள்வி வருவது விளங்குகிறது. பெட்டியில் 2 என்ற இலக்கத்தின் குறுக்கே கோடு போட்டிருப்பதன் பொருள், ஒருவருக்கு ஒருமுறை என்பதுதான். குறுணலின் துளைக்குள் போன இரத்தப் புரதத்தைச் சூடு அழிக்காது, அங்கேயே பொரித்து ஒட்டவைக்கும். மிஞ்சியதை வீசத்தான் வேண்டும். வீசுவது பொறுக்காவிட்டால் சிறிய குப்பியாக வாங்குங்கள். கால் கிராம் குப்பியும் சந்தையில் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பல் வைத்தியர் ஒருவர் என்னை அக்கா என்று அழைப்பார். குறுணல் வைத்து ஆறு மாதம் கழித்துத் திருகாணிக்குத் துளை போடும்போது, நோயாளியின் சம்மதத்தோடு, வெறும் துளைப்பானுக்குப் பதிலாகக் குழாய் வடிவ ட்ரிஃபைனைப் பாவித்து, எப்படியும் வெளியே போகவேண்டிய எலும்பைச் சிறு தண்டாக எடுத்து அனுப்பினார். "அக்கா, இதுக்குள்ள என்ன நடந்திருக்கெண்டு பாத்துச் சொல்லுங்க." சாதாரணமாக எலும்பை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கித்தான் சீவுவார்கள். அப்படிச் செய்தால் குறுணலும் கரைந்து வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அதனால் பிசினில் பதித்து, அறுத்து, ஒளி ஊடுருவும்வரை தேய்க்க வேண்டும். பொறுமையான வேலை. டொலுயிடின் நீலம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். குறுணல் சாம்பல் நிறத் தீவாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் இடைவெளியே இல்லாமல் புது எலும்பு, அதற்குள் கலங்கள் இருக்கும் சிறு குழிகள், அவற்றுக்கு நடுவே இரத்தக் குழாய் ஒன்று. மேல் ஓரத்தில் மட்டும் நார்த்தசை, முரசு கொஞ்சம் திறந்திருந்த இடமாக இருக்க வேண்டும். படத்தை அனுப்பியதும் அவர் உடனே அழைத்து, அடுத்த நோயாளிக்குத் தையல் போடும் முறையை மாற்றப்போவதாகச் சொன்னார். ஆய்வுகூடத்துக்கும் வைத்தியருக்கும் நடுவே நடக்க வேண்டிய பேச்சு இதுதான். எங்கள் பக்கத்தில் இது அரிதாக இருக்கிறது.

கிழக்கில் இதற்கு ஓர் இடம் வேண்டும். மாளிகை தேவையில்லை. ஓர் எக்ஸ்.ஆர்.டி., என்டோடொக்ஸின் சோதனைக்கு ஒரு சுத்தமான அறை, மின்சாரம் போனாலும் நிற்காத ஓர் இன்கியூபேட்டர், இவற்றை இயக்கத் தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் இருக்கிறார்கள். இரசாயனம் படித்துவிட்டு வேலை தேடிக் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள்.

பல் வைத்தியர்களிடம் எனக்கு இருப்பது ஒரு வேண்டுகோள். விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் வர்ணக் கையேட்டை வாங்கி வைத்துவிட்டு, அந்தப் பேட்ச் இலக்கத்துக்குரிய சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்க முடியாதவரிடம் வாங்காதீர்கள். கிராஃப்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர்களே, இது எதிலிருந்து செய்தது என்று கதிரையில் சாய்வதற்கு முன் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பல தயாரிப்பாளர்கள் பெட்டிக்குள் பேட்ச் இலக்கம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகளை வைத்து அனுப்புகிறார்கள். ஒன்று வைத்தியரின் கோப்புக்கு. இன்னொன்றை உங்கள் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.